நிரந்தரமாக மூடப்பட்டது

பாடி மேம்பாலத்துக்குக் கீழே வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். செருப்பைச் சாவு வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போய் எடுத்து வரலாம்தான். ஆனால் என் சட்டையைப் பிடித்தவர் சுடுகாட்டிலிருந்து திரும்பும் நேரத்தில் நான் அந்த வாசலில் செருப்பு தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. மே மாதம். சாயங்காலம் ஆறு மணிக்கும் தார் சுட்டது. சட்டைப் பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை.

சின்னக் கடைகளுக்கு ஆன்லைனில் வாடிக்கையாளர் பிடித்துத் தரும் இந்தத் தொழிலுக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். தேடல் பட்டியலில் கடையை மேலே கொண்டுவருவது எப்படி என்பதை ஆறு மாதத்தில் நீங்களே கற்றுக்கொண்டுவிடுவீர்கள். எந்த பட்டனை எங்கே அழுத்த வேண்டும் என்பதெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும், அதை நான் எழுதிப் பயனில்லை. கடை மேலே வந்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் எழுதுகிறேன். பாடியில் கழிந்த அந்த ஒரு நாளைப் பற்றி எழுதினால் போதும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை, ஆவடியில் கறிக்கடை, நெல்லூர் பக்கம் போய் இரண்டு வருடம் பெயின்ட் வேலை என்று திரிந்தேன். ஒரு இடத்தில் மூன்று வருடம் தாண்டியதில்லை. கடைசியாக ரயில்வே ஸ்டேஷன் வாசலில் குடை விரித்து சிம் கார்டு விற்றேன். அந்த வியாபாரம் படுத்தபோது, எனக்கு டீ கொடுக்கும் கடைக்காரர், "என் கடை மேப்ல வரல, நீ போன்லயே கெடக்கற ஆளாச்சே, போட்டுக் குடேன்" என்றார். போட்டுக் கொடுத்தேன். அடுத்து ஒரு மெக்கானிக், பிறகு ஒரு தையல்கடை. அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு வருடத்தில் லோகநாயகி கிடைத்தார். பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஐஸ் பெட்டி கடை. செத்தவரைச் சொந்தக்காரர்கள் வந்து சேரும் வரை வைத்திருக்கும் குளிர்பெட்டியை வாடகைக்கு விடும் கடை. புருஷன் போன பிறகு அவருக்கு மிஞ்சியது இரண்டு பெட்டிகளும் ஒரு குட்டி டெம்போவும் ஏழுமலை என்கிற டிரைவரும் இரண்டு பிள்ளைகளும்.

மற்ற கடைகளுக்குச் செய்கிற எதையும் அந்தக் கடைக்குச் செய்ய முடியாது. தீபாவளி வாழ்த்து போட முடியாது, ஆஃபர் போட முடியாது. இது எனக்கு முதலில் புரியவில்லை. எல்லாக் கடைக்கும் வைப்பதுபோல வேலை முடிந்த மூன்றாவது நாள் தானாகப் போகும் ஒரு மெசேஜை அதற்கும் வைத்துவிட்டேன். "எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி. மீண்டும் வருக!" திருநின்றவூரிலிருந்து ஒருவர் கடைக்குப் போன் செய்தார், அங்கே இருந்த நான்தான் எடுத்தேன்.

"இன்னாய்யா, மறுபடியும் வரணும்ன்ற? யாரு வரணும்? எங்கம்மாவ அனுப்பட்டா, இல்ல நீயே வந்து படுத்துக்கறியா?"

லோகநாயகி அழுதுவிடுவார் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். "அண்ணே, நீங்க எத்தினி நாள்ல என் கடைய மூடுவீங்க?" என்றார். அன்றைக்கே அந்த மெசேஜை எடுத்துவிட்டேன்.

ஒழுங்காகச் செய்ததும் உண்டு. பெட்டியைத் துடைத்து வெள்ளைத் துணி போட்டுப் படம் எடுத்தேன். ஏழுமலையின் முகம் தெரியும்படி டெம்போவோடு நிறுத்தி ஒரு படம். எஸ்டேட்டில் வடநாட்டு ஆட்கள் நிறையப் பேர் இருந்ததால் இந்தியிலும், எனக்குத் தெரிந்த தெலுங்கிலும் கடைப் பெயரை ஏற்றினேன். பதற்றத்தில் எழுத்துப் பிழையோடு தேடுபவர்களுக்கும் கடை தெரிய வேண்டும் என்று பிழையாக எழுதியும் வைத்தேன். போன் வர ஆரம்பித்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

சாவு வீட்டில் இருப்பவன் நான்கு கடையை ஒப்பிட்டுப் பார்க்க மாட்டான். எது பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுகிறதோ அதைக் கூப்பிடுவான். ஆகவே எல்லா ஊரிலும் நாம்தான் பக்கம் என்று காட்டினால் போதும் என்று கணக்குப் போட்டேன். ஆவடியில் ஒரு கிளை, பூந்தமல்லியில் ஒரு கிளை, பாடியில் ஒரு கிளை. கடை ஒன்றுதான், மேப்பில் நான்கு. பாடியில் நான் குறி வைத்த இடம் எப்போதோ பூட்டிப்போன ஒரு பட்டறை. யாருக்கு என்ன நஷ்டம், போன் எல்லாம் பட்டாபிராமுக்குத்தானே வரப்போகிறது என்று நினைத்தேன்.

அப்படியும் பாடி பக்கம் ஒருவர் எங்களுக்கு மேலேயே இருந்தார். கொரட்டூர் ரயில்வே கேட் அருகே உண்மையாகவே கடை வைத்திருந்தவர். அவருக்கு ஜனங்கள் நல்லபடியாக எழுதியிருந்தார்கள். என்னிடம் சிம் வியாபாரத்தில் மிஞ்சிய பதினோரு சிம்களும் மூன்று பழைய போன்களும் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் அந்தக் கடை இப்போது இல்லை என்று மேப்புக்குச் சொன்னேன். ஒரு வாரத்தில் அவர் கடைப் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் வந்துவிட்டது: நிரந்தரமாக மூடப்பட்டது.

இதை லோகநாயகியிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கடைக்காரர் முகத்தை நான் பார்த்ததில்லை. நம் தொழிலில் உள்ள ஆபத்தே அதுதான். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒருவன் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு டீ குடிக்கலாம், கை நடுங்காது.

லோகநாயகிக்கு ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்திருந்தேன். போன் வந்தால் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பெட்டி எங்கே இருந்தாலும் இருபது நிமிடம் என்று சொல்லுங்கள். மனிதர்கள் ஒரு தடவை ஒப்புக்கொண்டுவிட்டால் காத்திருப்பார்கள்.

முதலில் சொன்ன அந்த மே மாத நாள், காலை பத்தரை மணி இருக்கும். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பேக்கரிக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். லோகநாயகி கூப்பிட்டார்.

"அண்ணே, பாடில ஒரு ஊட்ல கத்தறாங்க. நீங்க போயி கொஞ்சம் பேசுங்கண்ணே."

"பெட்டி எங்க?"

"குத்தம்பாக்கத்துல. பதினோரு மணிக்கு எடுத்துருவோம்னாங்க. இப்ப பேரன் வரணுமாம், அதுவரைக்கும் எடுக்க மாட்டாங்களாம்."

"இன்னொண்ணு?"

"ஆவடில. நாளைக்குத்தான் வரும்."

"எவ்ளோ நேரம்னு சொன்னீங்க?"

"நீங்க சொல்லச் சொன்னதுதான். இருபது நிமிஷம்."

பஸ் பிடித்துப் போனேன். பழைய கம்பெனி மதிலை ஒட்டிய தெரு. வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள். செத்தது ஒரு அம்மா, விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் சேகர், முப்பத்தைந்து வயது இருக்கும், லேத் ஓட்டுகிறவர் என்பது விரலைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது.

"நீ யாரு? பொட்டிக்காரனா?"

"கம்பெனிலேர்ந்து வர்றேன் சார்."

"எங்ககீது உன் கம்பெனி? மேப்ல காட்ன எடத்துக்கு எங்க மாமா போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு. பட்டற பூட்டிக் கீது. நாலு நாய் பட்த்துகினு கீது."

"ஆபீஸ் மாத்திட்டோம் சார். பெட்டி கெளம்பிடுச்சு, வந்துக்கிட்டே இருக்கு."

அப்போது அவர் போன் அடித்தது. எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். தங்கை மல்லிகா. மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமையல் வேலை. மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. எப்படியோ டிக்கெட் கிடைத்துவிட்டது.

"அண்ணாத்தே, நாளைக்கு காலைல ஏழு மணிக்கு எறங்கிடுவேன். அதுவரைக்கும் எட்த்துடாதீங்க. அம்மா மூஞ்சிய மட்டும் எனக்கு வச்சிரு. வேற ஒண்ணும் வேணாம்."

"வச்சிருக்கேன் பாப்பா. அழாத. பொட்டி வந்துகினே கீது."

சொல்லும்போது சேகர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பன்னிரண்டு ஆனது. உள்ளே இரண்டு டேபிள் ஃபேன்கள் ஓடின. ஓட்டு வீடு, மேலே தகரம் சேர்த்திருந்தார்கள். சாம்பிராணிப் புகை வெளியே வரை வந்தது. பெண்கள் மாற்றி மாற்றி வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போனார்கள். நான் பந்தலில் உட்கார்ந்து ஏழுமலைக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். "இன்னும் எடுக்கல" என்று ஒரே பதில்தான் வந்தது.

ஒரு மணி வாக்கில் பக்கத்து வீட்டு பாபு சேகரிடம் வந்தான்.

"மாமே, இவனுங்கள நம்பாத. கொரட்டூர் கேட்டாண்ட ஒரு கடை இருந்துது. எங்க பெரியப்பாக்கு அங்கதான் எடுத்தோம். பத்து நிமிஷம்." போனைத் தேய்த்துப் பார்த்தான். "அய்ய, மூட்டாங்களாமே. செவப்புல போட்டுகீது பாரு."

சேகரிடம் காட்டினான். பிறகு என்னிடமும் காட்டினான், நான் இந்தத் தொழில்காரன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று.

தம்பிகளே, தங்கைகளே, அந்தத் திரையை நான் பார்த்தது ஐந்து வினாடி இருக்கும். கொரட்டூர் கடையின் போன் நம்பர் எனக்கு மனப்பாடம், பதினோரு தடவை பார்த்த நம்பர். "மேப்பை நம்பாதீங்க, அந்தக் கடை இருக்கு, இந்த நம்பருக்குப் போடுங்க" என்று சொன்னால் பத்து நிமிடத்தில் பெட்டி வந்துவிடும். லோகநாயகிக்கு ஒரு வேலை போகும், அவ்வளவுதான். ஆனால் திறந்திருக்கும் கடையை மூடியதாகப் போட்டது யார் என்று யாராவது கேட்பார்களே என்று பயந்தேன்.

"ஆமாங்க," என்றேன். "மூடி ரெண்டு மாசம் ஆச்சு."

"அப்ப ஐஸ் கட்டியாவது வாங்கியாரட்டா?" என்று பாபு கேட்டான்.

"வேணாங்க. தண்ணி பட்டா அப்புறம் பெட்டில வைக்கறது கஷ்டம். இதோ வந்துடும்."

அந்தப் பதிலைச் சொல்லும்போது என் குரல் நிதானமாக இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. பொய் சொல்லும்போது குரல் உடையும் என்பார்கள். தொழில்காரனுக்கு உடையாது, பழகியிருக்கும்.

குத்தம்பாக்கத்தில் இரண்டரை மணிக்குத்தான் எடுத்தார்கள். ஏழுமலை பெட்டியைக் கழுவித் துடைத்து ஏற்றிக்கொண்டு, பூந்தமல்லியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பாடிக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம். அதற்கு முன்பே உள்ளேயிருந்து ஒரு வயதான பெண் வந்து சேகரின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார். சேகர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏழுமலை உள்ளே போய்விட்டு உடனே வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போனார். சேகரைப் பந்தல் ஓரத்துக்குக் கூப்பிட்டார். அவரிடம் ஒரு குணம் உண்டு, எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

"அண்ணாத்தே, நான் பொட்டிய எறக்கறேன். ஆனா இதுக்கு மேல வச்சாலும் நாளைக்கு காலைல பாக்கற மாதிரி இருக்காது. ஒடம்பு ஊதிப் போச்சி. மூக்குல வர ஆரம்பிச்சிட்சி. உன் தங்கச்சி அத பாக்க வேணாம்."

பூ வாங்கப் போயிருந்த பாபு அதே நேரத்தில் பைக்கை நிறுத்தினான். மாலைகள் ஹேண்டில்பாரில் தொங்கின.

"மாமே, கொரட்டூர் கடை தொறந்துதான் கீது! நான் கண்ணால பாத்துட்டு வரேன். பொட்டிய வாசல்ல வச்சிகினு அந்தாளு பேப்பர் பட்ச்சிகினு கீறாரு!"

சேகர் என் சட்டையைப் பிடித்தார். ஒரு பொத்தான் பறந்தது.

"நீதானடா சொன்ன? ரெண்டு மாசம் ஆச்சின்னு நீதானடா சொன்ன?"

"மேப்ல அப்டித்தான் சார் போட்டிருந்துது," என்றேன்.

அதில் பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் பேசிய மோசமான வாக்கியம் அதுதான்.

அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருடைய அத்தை வந்து கையை விலக்கினார். "உடு சேகரு. பொணத்த வச்சிகினு அடிச்சிக்காத. இருட்டறதுக்குள்ள எடுக்கணும்."

எடுப்பதற்கு முன்னால் சேகர் தங்கைக்கு வீடியோ போட்டார். போனைத் தாழ்த்திப் பிடித்தார். "கிட்ட காட்டு" என்றது குரல். "இன்னும் கிட்ட காட்டு அண்ணாத்தே." அவர் குனிந்தார். பிறகு, "வேணாம், எட்த்துடு" என்றது. "வச்சிரு" என்று கேட்டிருந்த அதே குரல்.

நான் அப்போதுதான் வாசலைத் தாண்டி நடக்க ஆரம்பித்தேன்.

கொரட்டூர் ரோட்டில் ஒரு பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து பாடி கிளையை அழித்தேன். பிறகு பூந்தமல்லி, ஆவடி. லோகநாயகி மறுபடியும் கூப்பிட்டார், இந்தத் தடவை எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், கொரட்டூர் விஷயம் உட்பட.

முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் உங்கள அந்தக் கடைய மூடச் சொல்லல," என்றார்.

"இல்ல."

"பொய்யா இருபது நிமிஷம்னு சொன்னது நான். அத நான் பாத்துக்கறேன். ஆனா எல்லாக் கிளையையும் எடுத்துட்டேன்றீங்க. நாளையிலேர்ந்து எனக்குப் போன் வராது. ரெண்டு பசங்க இருக்கு. அத யாருண்ணே பாத்துக்குவாங்க?"

பொய்யால் வளர்ந்த கடையில் உண்மையான மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதைக் கலைக்கும்போது முதலில் அடி வாங்குவது அவர்கள்தான். ஆகவே பொய்யை முதலிலேயே தொடங்காமல் இருங்கள் என்பதைத் தவிர நான் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி வர எவ்வளவு நேரமாகுமோ அதைச் சொல்லச் சொல்லுங்கள். கடை எங்கே இருக்கிறதோ அங்கே குறி வையுங்கள். அதனால் போகிற வேலை போகட்டும்.

கொரட்டூர் கடை திறந்திருக்கிறது என்று பதினோரு சிம்மிலிருந்தும் எழுதி அனுப்பினேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. மூட ஒரு வாரம் ஆனது. திறக்க அதைவிட அதிக நாள் ஆனது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரயில்வே கேட் பக்கம் போனேன். அந்த அம்மாவின் மகள் விமானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். கடைக்காரர் பெயர் தாஸ். கனத்த உடம்பு, லுங்கி, மடித்த பேப்பர். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். நின்றபடியே சொன்னேன். சிம், போன், சிவப்பு எழுத்து, நேற்றுப் பாடியில் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேப்பரை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

"ரெண்டு மாசமா போன் வரல. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? ஜனங்க சாவறத நிறுத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

பேப்பரால் தொடையில் ஒரு தட்டு தட்டினார்.

"போன் கெட்டுப் போச்சோன்னு புது போன் வாங்கனேன். என்னோட பொட்டி தூக்கறவன் எட்டு வருசமா இருந்தான். போன மாசம் பிஸ்கட் கம்பெனி வேலைக்குப் பூட்டான். வேல இல்லாம ஒக்காத்தி வச்சி நான் இன்னா பண்றது?" எழுந்து என் பக்கத்தில் வந்தார். "நேத்து பாடி ஊட்டுக்கு இங்கேர்ந்து பத்து நிமிஷம்டா. நான் சும்மாதான் குந்திகினு இருந்தேன்."

அவர் கையை ஓங்குவார் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு பெண் தெரு முனையிலிருந்து வேகமாக வந்தாள். தலை கூட வாரவில்லை.

"அண்ணா, எங்க மாமனாரு... இப்பதான்... பெருமாள் கோயில் தெரு. பொட்டி கீதா?"

"கீதும்மா. நீ போயி எடத்த ஒழிச்சி வை. கால் மணி நேரத்துல வந்துடறேன்."

அவள் திரும்பி ஓடினாள். தாஸ் பெட்டி மேலிருந்த துணியை உருவினார். ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தார், வைத்தார். அது இரண்டு ஆள் தூக்குகிற பெட்டி. தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தார். யாருமில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"தூக்குவியா?"

"தூக்குவேன்."

"நாளைக்கும் வருவியா, இல்ல இன்னிக்கி மட்டும் புண்ணியம் தேடிகினு ஓடிருவியா?"

"வருவேன்."

"போன் அடிச்சா நீ எடுக்கக் கூடாது. புர்தா? ஊட்டுக்காரங்களாண்ட வாயத் தொறக்கக் கூடாது. தூக்கறது மட்டுந்தான் உன் வேல."

சரி என்றேன். ஒரு வருடமாக ஐஸ் பெட்டிக்கு விளம்பரம் போட்டிருந்தேன். அதுவரை ஒரு பெட்டியைக் கையால் தொட்டதில்லை. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன். தாஸ் கீழே இருந்த கம்பியைக் காட்டினார். பின்பக்கம் பிடித்துத் தூக்கினேன்.